கேசட்டில் போன கியர்பாக்ஸ்

"உர்ர்ர்ர்... உர்ர்ர்ர்ர்..."

திருவையாறு கடைத்தெருவில் ஓர் ஐ.எஸ்.டி. பூத். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, டெலிபோன் ரிசீவருக்குள் நான் இப்படி உறுமிக்கொண்டிருந்தேன். வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். கையில் மருந்துச் சீட்டோடு ஒரு பெரியவர், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தது.

மறுமுனையில், மஸ்கட்டில், என் வீட்டுக்காரர் சவரிமுத்து.

"இன்னொரு தடவை செய்யி."

"உர்ர்ர்ர்ர்..."

"அது உர்ரா, கிர்ரா?"

"உர்ருதாங்க."

"கிளட்சை மிதிச்சா வருதா, விட்டா வருதா?"

"அது தெரியலைங்க. நான் வண்டிக்குக் கீழ நின்னு கேட்டேன்."

"அதைச் சொல்லாம சத்தத்தை மட்டும் சொன்னா எப்படி ஞானம்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்றாம் மனிதர்கள் முன்னால் லாரியாகவே மாறி நின்று உறுமியிருக்கிறேன், அதற்கு ஒரு பாராட்டுக்கூடக் கிடையாது.

"வேணும்னா நீங்களே வந்து கேட்டுக்குங்க" என்றேன்.

அவர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "ஞானம், ஏற்கெனவே மூணு வண்டி கும்பகோணம் பட்டறைக்குப் போயிடுச்சு. கோவிந்தராசு வண்டியும் போச்சுன்னா அவரு சொந்தக்காரங்க வண்டி ஒண்ணுகூட நம்மகிட்ட வராது. அப்புறம் பட்டறையைப் பூட்டிட்டு, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போயிடு. நான் வந்து பாத்துக்கறேன்."

அவர் வர இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது.

யார் பார்த்தது பட்டறையை?

"கணவர் வெளிநாடு போன பிறகு பட்டறையை யார் பார்த்துக்கொண்டது?" என்று இந்தத் தொடரின் சென்ற வாரப் பகுதியைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். அம்மா, அந்த ஆளைத்தான் நானும் ரொம்ப நாள் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போதெல்லாம் எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவில் இருந்தார்கள். இவரையும் ஒரு கம்பெனி லாரி மெக்கானிக்காக எடுத்துக்கொண்டது. இவர் கிளம்பும்போது எங்கள் லாரிப் பட்டறையில் மிச்சம் இருந்தது இரண்டு பேர். ஒருத்தி நான். நட்டு, போல்ட்டு, பேரிங் எடுத்துக் கொடுப்பது, ரசீது போடுவது, டீ சொல்வது என் வேலை. இன்னொருவர் வேலாயுதம் அண்ணன்.

வேலாயுதம் அண்ணன் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக்காரர். மீன்பிடிப் படகு இஞ்சினோடு இருபது வருஷம் மல்லுக்கட்டியவர். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு, கடல் போதும் என்று உள்நாட்டுக்கு வந்துவிட்டார். இஞ்சினில் அவரை யாரும் அசைக்க முடியாது. ஆனால் படகில் கிளட்ச் பெடல் ஏது? கியர்பாக்ஸ் என்றால் அவருக்கு ஒரு தயக்கம். தவிர, இருபது வருஷம் இஞ்சினுக்குப் பக்கத்திலேயே படுத்து எழுந்ததில் காது பாதி போய்விட்டது. படகு இஞ்சினின் நோயை அவர் பலகையில் உள்ளங்கையை வைத்துத்தான் கண்டுபிடிப்பாராம்.

"காது கடலோட போச்சு தங்கச்சி, கைதான் இருக்கு" என்பார்.

ஆக, காது இருந்தவர் மஸ்கட்டில் இருந்தார். திருப்பனந்தாள் கோவிந்தராசுவின் லாரி எங்கள் வாசலில் நின்று உறுமியது.

சம்பா அறுவடை நேரம் அது. கொள்முதல் நிலையங்களில் நெல் மூட்டை மலையாகக் கிடந்தது. கோவிந்தராசுவின் லாரி மூட்டையை ஏற்றிக் குடோனில் இறக்கிவிட்டு மறுபடி ஓட வேண்டும். சத்தத்தோடேயே அதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் நடு ரோட்டில் கியர்பாக்ஸ் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு அந்த அறுவடையே போச்சு. மூன்று நாளைக்கு ஒரு தடவை வந்து நிற்பார். நல்ல மனிதர்தான். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "என்னம்மா, மஸ்கட்டு என்ன சொல்லுது?" என்று கேட்பார். என்னிடம் கேட்பதே இல்லை. எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

அம்மா வீட்டுக்குப் போவதில் என்ன கஷ்டம் என்று நினைக்கலாம். கஷ்டம் ஒன்றுமில்லை, சோறு போடுவார்கள். ஆனால் அங்கே நான் தபாலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். இங்கே, கிரீஸ் நாற்றத்துக்கு நடுவில், எனக்கு ஒரு நாற்காலி இருந்தது. அதை விட எனக்கு மனசே இல்லை.

பேசும் தபால்

ஐ.எஸ்.டி. பூத்தில் என் உறுமல் எடுபடாமல் போனதும் இவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். "கேசட்ல பிடிச்சு அனுப்பு."

இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். அப்போது எங்கள் தெருவில் பாதிக் குடும்பம் கேசட்டில்தான் நடந்தது. கடிதம் எழுதினால் நாலு வரிக்கு மேல் வராதவர்கள்கூட, டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்தால் ஒரு பக்கம் முழுக்கப் பேசுவார்கள். எங்கள் எதிர்வீட்டு மாமியார் மகனுக்கு அனுப்பிய கேசட்டில் முக்கால்வாசி மருமகளைப் பற்றிய புகார். அதே கேசட்டின் மறுபக்கத்தில் மருமகள் பேசியிருந்தாள். பாவம் அந்தப் பையன், எந்தப் பக்கத்தை முதலில் போட்டானோ!

விடுமுறைக்கு வந்து திரும்பும் ஆட்கள்தான் தபால்காரர்கள். எங்களுக்கு நாகூர் ஜமால் பாய். அவர் பெட்டியில் அவர் துணியைவிட ஊர்க்காரர்களின் கேசட்டும் ஊறுகாயும்தான் அதிகம் இருக்கும்.

ஜமால் பாய் கிளம்பும் அன்று காலை கோவிந்தராசுவின் லாரியை வரவழைத்தோம். இவர் அனுப்பியிருந்த டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, கியர்பாக்ஸுக்கு நேர்கீழே போய் உட்கார்ந்தேன். கரண்டு அங்கே எட்டாது, அதனால் பேட்டரிக் கட்டை. வேலாயுதம் அண்ணன் ஏறி இஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை மிதித்தும் விட்டும் காட்ட வேண்டும். எப்போது மிதிக்கிறார், எப்போது விடுகிறார் என்று கத்த வேண்டும்.

அவர் கத்தினார். நானும் முதலில், "என்னங்க, இதுதாங்க அந்தச் சத்தம், நல்லாக் கேட்டுக்குங்க" என்று பேசிவிட்டு டேப்பைத் தூக்கிப் பிடித்தேன். உறுமல் வந்தது, நின்றது, வந்தது, நின்றது. மேலே அண்ணன் கத்தியது இஞ்சின் இரைச்சலில் எனக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. எட்டாவிட்டால் என்ன, கண்டுபிடிக்கப்போவது அவர்தானே என்று இருந்துவிட்டேன்.

அங்கேயே அதைப் போட்டும் கேட்டேன். அச்சு அசலாக அதே உறுமல். கேசட்டின் மேல் "கோவிந்தராசு வண்டி" என்று எழுதி ஜமால் பாயிடம் கொடுத்தோம். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி சந்தேகப்பட்டு அதைப் போட்டுக் கேட்டாராம். லாரிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, பாயை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போ என்று கையைக் காட்டினாராம்.

மஸ்கட் சொன்னது

இரண்டு வாரம் கழித்து, ஊருக்கு வந்த வேறொருவர் கையில் பதில் கேசட் வந்தது. பட்டறையின் நடுவில் டேப்பைக் கரண்டில் மாட்டி வைத்துக் கோவிந்தராசு, அவர் டிரைவர், வேலாயுதம் அண்ணன், நான் என்று சுற்றி உட்கார்ந்தோம்.

"கேட்டேன். வேலாயுதம் அண்ணன் என்னமோ கத்துறாரு, ஒண்ணும் புரியல. ஆனா சத்தம் நல்லா விழுந்திருக்கு. கீச்சு கீச்சுனு வந்து வந்து போவுது. கீச்சுனா அது ரிலீஸ் பேரிங்தான். கண்ணை மூடிக்கிட்டு மாத்திடுங்க."

"அதான்யா மெக்கானிக்கு!" என்று கோவிந்தராசு தொடையைத் தட்டினார். "கடல் தாண்டி உக்காந்துக்கிட்டு சொல்றான் பாரு!"

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குமேல் இருந்தது குடும்பப் பேச்சு என்பதால் டேப்பை நிறுத்தி உள்ளே எடுத்து வைத்தேன். நாலு பேர் நடுவில் வைத்துக் கேட்கிற விஷயமா அது?

ரிலீஸ் பேரிங் என்பது கிளட்சை மிதிக்கும்போது வேலை செய்கிற சின்னச் சாமான். அதை மாற்றுவதற்கு மொத்தக் கியர்பாக்ஸையும் வண்டியிலிருந்து இறக்க வேண்டும். செயின் போட்டு, ஜாக்கி கொடுத்து, நாலு பேர் தாங்கி இறக்கினோம். பழைய பேரிங்கைக் கழற்றி அண்ணன் என் கையில் கொடுத்தார். விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தேன். வழவழவென்று ஓடியது.

"நல்லா இருக்கே அண்ணே?"

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி இருந்தது. பிறகு, "தம்பி சொல்லிடுச்சே" என்றார்.

புதியதைப் போட்டோம். கியர்பாக்ஸை ஏற்றிப் பூட்டினோம். இரண்டு முழு நாள் வேலை. டிரைவர் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

உர்ர்ர்ர்ர்.

கோவிந்தராசு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மனிதர் மெதுவாகப் பேசினார். "அம்மா, உங்களைக் குத்தம் சொல்லல. ஆம்பளை இல்லாத பட்டறை, நீங்க என்ன பண்ணுவீங்க? நாளைக்குக் காலையில வண்டியை கும்பகோணம் விட்டுடறேன். ராத்திரிக்கு இங்கயே நிக்கட்டும்."

பட்டறையை ஒட்டிய வீட்டுக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். கழுவினேன் என்று எழுதுகிறேன், அழுதேன் என்பதுதான் உண்மை.

வெயிலில் காய்ந்த கட்டைகள்

அழுது முடித்த கையோடு, இவரோடு சண்டை போடுவதற்காகவே, இரண்டு நாள் வேலையில் கேட்காமலே கிடந்த மிச்சக் கேசட்டைப் போட்டேன். பிள்ளைகளின் பரீட்சை, அவர் அறையின் சமையல், பல் வலி. பிறகு சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்.

"ஆமா, உன் குரல் ஏன் அப்படி இருக்கு? எலிக்குஞ்சு மாதிரி! ரூம்ல இருக்கவங்க, 'உங்க பொண்ணா பேசுது, எத்தனாவது படிக்குது'னு கேக்கறாங்க."

டேப்பை நிறுத்தினேன்.

மாதா கோயில் பாட்டுக்குழுவில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாடுகிறவள் நான். எனக்கு எப்போதும் அடிக்குரல்தான். மேலே ஏறும் வரியெல்லாம் மற்ற பெண்கள் பாட, நான் கீழே நின்றுகொள்வேன். குருவானவர்கூட ஒரு தடவை, "ஞானம், ஆண்கள் பக்கம் ஒரு ஆள் குறையுது, வர்றியா?" என்று கேலி செய்திருக்கிறார். என் குரல் எந்த ஜென்மத்திலும் எலிக்குஞ்சாகாது.

அப்படியென்றால் என் குரலைக் கீச்சாக்கிய ஏதோ ஒன்று லாரியின் குரலையும் கீச்சாக்கியிருக்க வேண்டும்.

டேப்பைப் புரட்டிப் பின்மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்த பேட்டரிக் கட்டைகளைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். அதில் நான் செய்த புண்ணியம் ஒன்று இருந்தது. தீர்ந்துபோன கட்டைகளை மோர் மிளகாய் காயும் முறத்திலேயே பரப்பி, மூன்று நாள் வெயிலில் காயவைத்து மறுபடி போட்டிருந்தேன். அப்போது எல்லா வீட்டிலும் செய்வதுதான். காய்ந்த கட்டைக்குக் கொஞ்சம் உயிர் வரும், ஆனால் தெம்பு வராது. தெம்பில்லாத டேப் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றிப் பிடித்ததை அதே மெதுவில் நான் போட்டுக் கேட்டபோது சரியாக இருந்தது. மஸ்கட்டில் புதுக் கட்டை போட்டு வேகமாகச் சுற்றினால்?

தெருமுனைக் கடைக்கு ஓடிப் புதுக் கட்டை வாங்கி வந்தேன். பழைய கட்டையில் "என்னங்க, இதுதாங்க அந்தச் சத்தம்" என்று பேசிப் பிடித்தேன். புதுக் கட்டையை மாட்டிப் போட்டேன். டேப்புக்குள்ளிருந்து ஒரு எலிக்குஞ்சு, "என்னங்க இதுதாங்க அந்தச் சத்தம்" என்று பேசியது. என் இரண்டு பிள்ளைகளும் தரையில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினேன்.

அவர் கேட்டது எங்கள் லாரியை அல்ல. அவர் சொன்ன மருந்தும் எங்கள் லாரிக்கு அல்ல.

நான் மிதித்தேன்

பொழுது இன்னும் சாயவில்லை. பட்டறையில் வேலாயுதம் அண்ணன் ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய் லாரியின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பத்து வருஷம் லாரிக்கு நடுவில் வாழ்ந்தவள், அன்றுதான் முதல் தடவையாக அந்த சீட்டில் ஏறினேன். கால் எட்டவில்லை. சீட்டின் நுனிக்கு வந்து, ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் சேர்த்து வைத்தால்தான் கிளட்ச் கீழே போனது.

அண்ணன் கதவு வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி இஞ்சினை ஓடவிட்டார். கியர் நியூட்ரலில் இருந்தது.

காலை எடுத்தேன். உர்ர்ர்ர். மிதித்தேன். நின்றது. எடுத்தேன். உர்ர்ர்ர். மிதித்தேன். நின்றது.

கெட்டுப்போன ரிலீஸ் பேரிங்போல மிதித்தால் வரவேண்டிய சத்தம் அல்ல இது. மிதித்தால் நிற்கிற சத்தம். தட்டில் சோறு ஆறுவது தெரியாமல் இவர் பத்து வருஷமாக என்னிடம் பேசியதெல்லாம் அப்போது வரிசையாக ஞாபகம் வந்தது. கிளட்சை மிதித்தால் இஞ்சின் வேறு, கியர்பாக்ஸ் வேறு. விட்டால் கியர்பாக்ஸின் முன் தண்டு இஞ்சினோடு சேர்ந்து சுற்றும். சுற்றும்போது உறுமி, நின்றதும் அடங்கினால், நோய் அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங்கில்.

"அண்ணே! மிதிச்சா நிக்குதுண்ணே!"

"ஆமாம்மா" என்றார் அவர் சாவதானமாக. "மிதிச்சா அதிர்வு நிக்கறது கால்லயே தெரிஞ்சுது. அதைத்தானே அன்னைக்கு அம்மாங் கத்துக் கத்தினேன்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"தம்பி ரிலீஸ் பேரிங்குனு சொல்லிடுச்சு. பெரிய மெக்கானிக்கு சொன்னதுக்கு மேல, படகுக்காரன் நான் என்னத்தைச் சொல்றது?"

அந்த நிமிஷம் அவர்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேலேயே வந்தது. உர்ர்ரை இவர் கீச்சு என்றதைக் கேட்டும், வழவழவென்று ஓடிய பேரிங்கை விரலில் மாட்டிப் பார்த்துவிட்டும், நானும்தானே பேசாமல் கீழே வைத்தேன்? கண் எதிரில் கிடந்ததைவிடக் கடல் தாண்டி வந்த குரலை நம்பினோம் இரண்டு பேரும்.

காலையில் கோவிந்தராசு வந்தபோது லாரிக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"ஒரு நாள் குடுங்க. மறுபடி கியர்பாக்ஸை இறக்கறோம், இப்பத்தான் கழட்டிப் பூட்டினது, சீக்கிரம் இறங்கிடும்."

"மறுபடியுமா? மஸ்கட்டு கேசட்டு வந்துச்சா?"

"மஸ்கட்டு சொல்லல. நான் சொல்றேன்."

அவர் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

"சாயங்காலம் சத்தம் இருந்துச்சுன்னா, இந்தப் பட்டறைச் சாவியை உங்க கையில குடுத்துட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போயிடறேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டு, இடுப்பில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.  அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "ஒரு நாள்தான்" என்றார்.

கியர்பாக்ஸ் இறங்கியது. முன் தண்டை அண்ணன் கையால் மெதுவாகச் சுற்றினார். இன்னொரு உள்ளங்கையை மேலே வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். படகுப் பலகையில் வைத்த கை.

"நறநறங்குது தங்கச்சி" என்றார்.

திறந்தோம். ஆயிலில் விரலை விட்டேன், விரலெல்லாம் இரும்புத்தூள் மினுமினுத்தது. பேரிங்கின் உள்வட்டம் அம்மை போட்ட முகமாகக் குழிகுழியாக இருந்தது. கோவிந்தராசுவிடம் நீட்டினேன். கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

புதுப் பேரிங்கைப் போட்டுப் பூட்டினோம். சாயங்காலம் டிரைவர் இஞ்சினை ஓடவிட்டார். மிதித்தார், விட்டார், மிதித்தார், விட்டார். இஞ்சின் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. வேலாயுதம் அண்ணன் கியர்பாக்ஸில் கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். 

கோவிந்தராசு பாராட்டு எதுவும் சொல்லவில்லை. லாரி கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அம்மா, எங்க மச்சான் வண்டியில செகண்ட் கியர் விழ மாட்டேங்குதாம். நாளைக்கு அனுப்பறேன், என்னன்னு பாருங்க" என்றார். பாருங்க என்று என்னிடம்தான் சொன்னார்.

மறுபக்கம்

புதுக் கட்டை போட்டு ஒரு கேசட் பிடித்து அனுப்பினேன். என் அடிக்குரலிலேயே நடந்ததையெல்லாம் சொன்னேன். மோர் மிளகாய் முறத்தையும் மறைக்கவில்லை. "அம்மா வீட்டுக்குப் போகல. பட்டறையைப் பூட்டல" என்று முடித்தேன்.

பதில் வர ஒரு மாதம் ஆனது. எனக்கு உள்ளூரப் பயம்தான். அவர் சொன்னதைத் தப்பென்று சொல்லியிருக்கிறேன், மனிதர் எப்படி எடுத்துக்கொள்வாரோ?

கேசட்டைப் போட்டேன். பேச்சே இல்லை. ஒரு லாரி ஓடும் இரைச்சல். நடுவில் விட்டு விட்டு ஒரு விநோதமான முனகல். ஒரு நிமிஷம் கழித்து இவர் குரல், கொஞ்சம் கூச்சத்தோடு வந்தது.

"ஞானம், இது எங்க கேம்ப்புத் தண்ணி லாரி. மூணு பேரு பாத்துட்டோம், பிடிபடல. புதுக் கட்டை போட்டுத்தான் பிடிச்சேன். நல்லாக் கேட்டுட்டு, என்னன்னு சொல்லு."

மூன்று தடவை போட்டுக் கேட்டேன். வேலாயுதம் அண்ணனைக் கூப்பிட்டு டேப்பின் மேல் கையை வைக்கச் சொல்லியும் பார்த்தேன். பிறகு மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டு, சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

"என்னங்க, கிளட்சை மிதிச்சா வருதா, விட்டா வருதா? அதைச் சொல்லாம சத்தத்தை மட்டும் அனுப்புனா எப்படி?"